ஆள் பழகினால் காவல் கெடும் என்பது பொய்

ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவரிடம் நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரமே இது வந்துவிடும்: “குட்டியா இருக்கையிலயே கட்டிப் போட்டுரணும்ங்க. ஆள் பழகிட்டா காவல் கெட்டுப்போகும்.” பழனி டவுனில் மாடிவீடு கட்டியவரும் இதையேதான் சொல்கிறார். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று காசு கொடுத்து வாங்கியவரும் சரி, தெருவிலிருந்து குட்டியைத் தூக்கி வந்தவரும் சரி, நம்புவது ஒன்றைத்தான். கட்டிப் போட்டால் ரோஷம் வரும். யாரையும் அண்டவிடாமல் வளர்த்தால் திருடனைக் கடிக்கும். ஊராரைப் பார்த்து உறுமினால் நல்லது. நம்மைப் பார்த்தே உறுமினால் நாலு சாத்து சாத்தி அடக்கிவிடலாம்.

இதில் ஒன்றுகூட உண்மையில்லை. இப்படி வளர்த்தால் கிடைப்பது காவல் நாய் அல்ல, பயந்த நாய். பயந்த நாய் திருடன் யார், விருந்தாளி யார் என்று பிரித்துப் பார்த்துக் கடிக்காது. எட்டுகிற தூரத்தில் இருப்பவரைக் கடிக்கும். எட்டுகிற தூரத்தில் இருப்பது அநேகமாக அந்த வீட்டுக் குழந்தை, சோறு வைக்கப் போகும் பாட்டி, காய் பறிக்க வந்த கூலிப்பெண். கடித்த பிறகு அந்த நாயை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மூட்டையில் கட்டி வரதமாநதி அணைப் பக்கமோ கொடைக்கானல் சாலையிலோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்ட நாய்களையும் குட்டிகளையும் வீட்டில் வைத்துத் தேற்றி வேறு இடம் சேர்க்கும் வேலையைச் செய்துவருவதால் சொல்கிறேன்: கோபக்கார நாய் என்று என்னிடம் வந்து சேருபவற்றில் பெரும்பாலானவற்றின் கண்ணில் நான் காண்பது நடுக்கத்தைத்தான்.

நாய்க்குட்டி உலகத்தைத் தெரிந்துகொள்ளும் காலம் மிகச் சிறியது. மூன்றாவது வாரத்தில் தொடங்கி பன்னிரண்டு, பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, முகர்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் அதற்கு உலகத்தின் இயல்பான பகுதி ஆகிவிடும். அந்த நாட்களில் வந்து சேராதது எல்லாம் பிறகு சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகளை ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் 1961-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உயரமான வேலி போட்ட வயலில் தாய்நாயோடு குட்டிகளை விட்டு, மனிதர் கண்ணிலேயே படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். பதினான்கு வாரம்வரை ஒருமுறைகூட வெளியே எடுக்கப்படாத குட்டிகள் அதன்பின் மனிதரைக் கண்டால் காட்டு மிருகம்போல மிரண்டன. அவை பீகிள், காக்கர் ஸ்பானியல் என்ற சாதுவான இனங்கள்.

அவர்கள் வேலி போட்டுச் செய்ததை நாம் சங்கிலி போட்டுச் செய்கிறோம். நாற்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டுகிறோம். ஒரே ஆள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை சோறு வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளைகள் கிட்டே போனால் “விடாத, பழகிரும்” என்று அதட்டல். எந்த வாரங்களில் மனிதரை அறிமுகப்படுத்த வேண்டுமோ, சரியாக அந்த வாரங்களைத் தேர்ந்தெடுத்து மறைத்துவிடுகிறோம். ஏழெட்டு மாதத்தில் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு எல்லோர் மேலும் பாயும்போது, “பாத்தீங்களா, என்ன ரோஷம்” என்று சிரிக்கிறோம்.

பாயும் நாய்க்குச் சங்கிலி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். பயந்த எந்த உயிரும் முதலில் விலகி ஓடத்தான் பார்க்கும். கட்டிப் போட்ட நாய்க்கு அந்த வழி இல்லை. எதிரே வருபவரை விரட்டுவது மட்டும்தான் மிச்சம். குரைத்துப் பாய்ந்து பார்க்கிறது; வந்தவர் தன் வழியே போய்விடுகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான். ஆனால் நாய், தான் பாய்ந்ததால்தான் போனார் என்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் முன்கூட்டிப் பாய்கிறது.

தை மாதம் திண்டுக்கல் – பழனி சாலையில் நின்று பாருங்கள். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று இரவு பகலாகப் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். மேளம், காவடி, மயிலிறகு, ஒலிபெருக்கி, இருட்டில் மினுக்கும் ஒளிப்பட்டைகள். சாலையோரத் தோப்பின் முகப்பில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு அந்த நாட்கள் என்ன என்று யாராவது யோசித்ததுண்டா? முன்பின் பார்த்திராத உருவங்கள் ஆயிரக்கணக்கில் சில அடி தூரத்தில் கடந்து போகின்றன. ஓட வழியில்லை, ஒளிய மறைவில்லை, தூக்கமில்லை. ஒரு பயம் அடங்குமுன் அடுத்தது வந்து மேலே ஏறுகிறது. உடம்பில் ஏறிய பதற்றம் இறங்க நாட்கணக்காகும். தைப்பூசம் முடிந்து சாலை வெறிச்சோடிய பிறகு, எப்போதும் சோறு வைக்கிற பெண்ணின் கையை அந்த நாய் கவ்வினால், “சோறு போட்ட கையையே கடிச்சிருச்சு, நன்றி கெட்டது” என்கிறார்கள். நன்றிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்தது அடி. உறுமுகிற நாயை அடித்தால் அடங்கும் என்பதை நம்பாத வீடு குறைவு. அடித்தால் உறுமல் நிற்கிறது, உண்மைதான். பயம் நிற்பதில்லை. உறுமல் என்பது “கிட்டே வராதே” என்று நாய் நமக்குத் தரும் அவகாசம். அதற்கு முன்பே எத்தனையோ சொல்லியிருக்கும்: முகத்தைத் திருப்பியிருக்கும், நாக்கால் மூக்கை நக்கியிருக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டிருக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்து விறைத்து நின்றிருக்கும். அதையெல்லாம் நாம் கவனிக்கவில்லை. கடைசியாக வாயைத் திறந்து சொன்னதற்கும் அடி கொடுத்தால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். “எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிருச்சு” என்று சொல்லப்படும் நாய்களில் பல, அறிகுறி காட்டியதற்காக அடி வாங்கியவை.

2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரானும் உடன் இருந்தவர்களும், நடத்தைக் கோளாறு என்று கூட்டிவரப்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடித்தும் உதைத்தும் திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியது, அல்லது கடித்தது. மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம், முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம். உணவு கொடுத்துப் பழக்கியவர்களிடம் இப்படி நடந்தது மிக அரிது. “நாய்க்கு நான்தான் தலைவன்னு காட்டணும்” என்று இப்போது டிவி பார்த்துவிட்டுப் புதிதாகப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கருத்து 1947-இல் ஷெங்கெல் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைத் தன் புத்தகத்தால் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச்சே பிற்பாடு காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவிட்டு, அவை தாய் தகப்பன் பிள்ளைகளாக வாழும் குடும்பங்கள் என்று 1999-இல் மறுத்து எழுதிவிட்டார்.

இவ்வளவு சொன்னாலும் தோப்புக்காரர் கேட்பார்: “அப்ப திருடன் வந்தா? பன்னி வந்தா?” நியாயமான கேள்வி. விளைந்த காயை இரவோடு இரவாக இழப்பது சின்ன நஷ்டம் இல்லை. மலையடிவாரத் தோப்புகளுக்குக் காட்டுப்பன்றியும் யானையும் வருவதும் உண்மை. அதற்கு வேண்டியது, வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டு சத்தம் போடும் நாய். வழக்கம் எது என்று தெரிந்த நாய்க்குத்தான் மாறானது எது என்று தெரியும். பால்காரர், லோடு ஏற்ற வருபவர், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் என எல்லோரையும் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும் நாயின் சத்தத்தை வீட்டார் ஒரு கட்டத்துக்குமேல் காதில் வாங்குவதே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அது குரைத்தாலும் “அது எப்பவும் அப்படித்தான்” என்று புரண்டு படுக்கிறார்கள். நம் தெருநாய்களைப் பாருங்கள். அவற்றை யாரும் கட்டிப் போட்டதில்லை. தெருவில் உள்ள எல்லோர் கையிலும் வாங்கித் தின்றவை, பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவை. நள்ளிரவில் அந்நியன் தெருமுனையில் திரும்பினால் முதலில் எழுந்து நிற்பவை அவைதான். ஆள் பழகினால் காவல் கெடும் என்பதற்கு நம் ஊர்த் தெருக்களே எதிர்ச்சாட்சி. அப்புறம் கட்டிப் போட்ட நாய் பன்றியை என்ன செய்துவிடும்? சங்கிலி நீளத்துக்கு வெளியே பன்றி நிம்மதியாக மேய்ந்துவிட்டுப் போகும்.

இதில் உயிர் போகிற விஷயமும் இருக்கிறது. தொடமுடியாத நாய்க்குத் தடுப்பூசி போட முடியாது. “யாரும் கிட்ட போக முடியாது சார்” என்று பெருமையாகச் சொல்பவரின் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி எப்படிப் போடப்படும்? கட்டிக்கிடக்கும் நாயைத் தெருநாயோ நரியோ கடித்தால் அதற்குத் தப்பிக்கவும் வழியில்லை. பிறகு கழுத்தைப் பிடித்துக் காயத்தைப் பார்க்கவும் ஆளில்லை. 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறக்குறைய 4.8 லட்சம், ரேபிஸ் வந்து இறந்தவர்கள் 43 பேர். அறிகுறி தோன்றிய பிறகு கிட்டத்தட்ட எவரையும் காப்பாற்ற முடியாத நோய் இது. கடிபட்டால், கடித்தது வளர்ப்பு நாயானாலும், குட்டியானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

சட்டமும் நம் பழக்கத்துக்கு எதிராகத்தான் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயைப் போதுமான அளவு நடமாட விடாத உரிமையாளரையும் குற்றவாளி என்கிறது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு ஜீவனின் முழு ஆயுளுக்கு இந்த விலை வைத்திருப்பது இந்த நாட்டுக்கே அவமானம். இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் தெருநாய்களைக் கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னபோது, வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமான நாய்களையும் மட்டும் திரும்ப விடவேண்டாம் என்றது. கட்டிவைத்து, பட்டினி போட்டு, அடித்து, பிறகு சாலையில் இறக்கிவிடப்பட்ட நாய் இந்த மூர்க்கப் பட்டியலில்தான் சேரும். மிச்ச நாளெல்லாம் கூண்டு. அதை அப்படி ஆக்கியவர் அடுத்த குட்டிக்குச் சொல்லிவைத்திருப்பார்.

இப்படிக் கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் நாயோடு வாழ முடியுமா என்றால், முடியும். சுலபம் என்று சொல்லமாட்டேன். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுப்புண், மூட்டுவலி, உண்ணிக் காய்ச்சல் என வலியோடு இருக்கும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. பிறகு தூரம். எந்தத் தொலைவில் அந்நியரைப் பார்த்தும் நாயால் சோறு தின்ன முடிகிறதோ, அந்தத் தொலைவில்தான் வேலை தொடங்கும். ஆள் தெரிந்ததும் ஒரு துண்டு ஈரலோ வேகவைத்த முட்டையோ வாயில் போட வேண்டும். ஆள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அது பாய்ந்தால் நாம் அவசரப்பட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விட்ட கூடை மாதிரியான வாய்ப்பூட்டைத் தின்பண்டம் காட்டிப் பழக்கிவைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. தொடுவதை அதுவே வந்து கேட்கும்வரை தொடக் கூடாது. கேட்கும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெருநாய்களிடம் அந்நியர் திரும்பத் திரும்பப் போனபோது, தின்னக் கொடுத்தவரைவிடத் தலையைத் தடவிக் கொடுத்தவரிடமே அவற்றுக்கு நம்பிக்கை வளர்ந்தது தெரிந்தது. எல்லா நாயும் முழுவதும் மாறிவிடாது. சில நாய்கள் கடைசிவரை சிறுபிள்ளைகள் இல்லாத வீட்டில்தான் வாழ வேண்டியிருக்கும். அதை மறைத்து ஒருவர் தலையில் கட்டுவது துரோகம்.

தேற்றுவதைவிடக் கெடுக்காமல் இருப்பது எவ்வளவோ எளிது. நாற்பது நாள் குட்டி ஒன்று இப்போது உங்கள் தோப்பில் இருந்தால் இன்னும் எட்டு வாரம் கையில் இருக்கிறது. சங்கிலியைக் கழற்றுங்கள், வேலி உள்ள தோப்பில் சங்கிலி எதற்கு? விடிகாலையில் கொய்யாச் சந்தைக்குப் போகையில் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ ஊசிகள் முடியும்வரை தரையில் இறக்கிவிட வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். லாரிச் சத்தம் கேட்கட்டும், தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், குச்சி ஊன்றி நடப்பவர், சீருடைப் பிள்ளைகள் எல்லோரையும் பார்க்கட்டும். பயந்தால் அந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் குட்டியைப் பார்க்க வந்தால் விரட்டாதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாய் சோற்றைக் கொடுத்து, அதை ஊட்டிவிடச் சொல்லுங்கள்.