முழங்காலுக்குச் சாட்சி யார்?

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலிலிருந்து ஓர் இளைஞன் பட்டாளத்துக்குப் புறப்படுகிறான் என்று வையுங்கள். மருத்துவர் நடக்கச் சொல்கிறார், குனியச் சொல்கிறார், குறையொன்றுமில்லை என்று முத்திரை குத்துகிறார். பதினேழு ஆண்டு கழித்து அவனே திரும்புகிறான், படியேற முடியாத முழங்காலோடு!

பனிமலையில் பாரம் சுமந்தது அந்தக் கால். பாறையில் குதித்தது அந்தக் கால். விடைகொடுக்கும் நாளில் மருத்துவக் குழு எழுதுகிறது: பணியால் வந்ததுமல்ல, பணியால் மிகுந்ததுமல்ல! ஒரே வரி, ஊன ஓய்வூதியம் ஒழிந்தது!

குண்டடிக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, விசாரணைத் தாள் உண்டு. தேய்ந்த மூட்டுக்கு நாள் ஏது? சாட்சி ஏது? வயதானால் வரும் வாதம் என்று கைகழுவ இது போதாதா?

போதாது என்கிறது சட்டம்! 1982ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்காட்டி, தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம் உரைத்தது: சேரும்போது குறை குறிக்கப்படவில்லையெனில் நல்லுடலோடு வந்தான் என்றே கொள்ளவேண்டும், மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு சிப்பாயுடையதல்ல, சர்க்காருடையது, ஐயத்தின் பயன் சிப்பாய்க்கே. அது வலிப்பு நோய் வழக்கு. மூட்டு நோய்க்கும் அளவுகோல் அதுதான். சேர்ந்த நாளின் முத்திரையே முழங்காலுக்குச் சாட்சி!

2014 டிசம்பர் 10இல் ராம் அவதார் வழக்கு. நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளோடு வந்த டில்லி தோற்றது. 20 விழுக்காடு ஊனத்தை 50 ஆகக் கணக்கிடும் உரிமை, இடையில் அனுப்பப்பட்டவனுக்கு மட்டுமல்ல, காலம் முடித்தவனுக்கும் உண்டென்று ஆயிற்று. 2023 செப்டம்பர் 21க்குப் பின் வெளிவருவோருக்குப் புதிய விதிகள். அதற்கு முன் வந்தோருக்குப் பழையவையே.

தீர்ப்பு இருந்தும் துயர் தீராதது ஏன்? வழக்காடக் கருவூலம் உண்டு டில்லிக்கு; வாய்தாவுக்குச் சென்னை செல்லப் பஸ் காசில்லை இவனுக்கு!

கிளைத் தோழர்களே! படிப்பகத்துக்கு வரும் முன்னாள் வீரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மருத்துவக் குழுவின் நடவடிக்கைத் தாள் கையிலுண்டா? சேரும்போது குறை எழுதப்பட்டதா? மறுத்ததற்குக் காரணம் எழுதப்பட்டதா? காரணமில்லாத மறுப்பைக் கண்டு கலங்கவேண்டாம். முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, அதன்பின் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவு அது. மனு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். வழியறிந்தவர் உடன் செல்லுங்கள்.

நாட்டுக்காகத் தேய்ந்த கால் அது. நீதிக்காகவும் தனியே நடந்து தேயவேண்டுமா? தோள் கொடுப்போம்!