சைலன்சருக்கு முன் ஹாண்டில்

பெருநாள் லீவுக்கு அறுகம்பே போக நம்ம பொடியன்மார் ஆர்15 பைக்கைத் தயார்படுத்துகிறார்கள். போகட்டும், நாடு பார்க்கட்டும். ஆனால் முதல் காசு சைலன்சருக்குப் போவதுதான் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. (பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தூக்கம் இல்லை!)

அது குனிந்து ஓட்டுவதற்கென்றே செய்த பைக். றம்பொடை ஏறி, நுவரெலியா தாண்டி பதுளைக்கு இறங்கும்போது உடம்புப் பாரமெல்லாம் மணிக்கட்டில்தான். விறைத்த கை நேரத்துக்குப் பிரேக் பிடிக்காது. ஆகவே முதலில் ஹாண்டிலை உயர்த்துங்கள், பிறகு சீட்டுக்கு நல்ல ஸ்பொன்ஞ் போடுங்கள்.

உயர்த்தினால் அக்சலரேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் நீளம் காணாமல் போகலாம். நியூட்ரலில் எஞ்ஜினை ஓடவிட்டு ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சத்தம் கூடினால் கேபிள் இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திருப்பும்போது பைக் தானாகப் பாயும். கராஜ் பாஸ் "பரவாயில்லை" என்றாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

பின் பல்சக்கரத்தைச் சிறிதாக்கச் சொல்வார்கள். சமதரைக்குச் சரி. 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு ஆளும் பையுமாக ஏறும் நமக்கு வேண்டாம்.

பைக் வாங்கிக் கொடுத்த வாப்பாமாரே, சாவியைக் கொடுக்கமுன் அந்த ஹாண்டிலை நீங்களும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.