கொலையில்லா இறைச்சியா? ஊநீர் எங்கிருந்து வந்தது?



‘கொலையில்லா இறைச்சி வந்துவிட்டது, இனி நாமும் தயங்காமல் உண்ணலாம்’ என்று ஆய்வக இறைச்சியைப் பற்றி நம்மவர் சிலர் பெருமகிழ்வோடு எழுதி வருகின்றனர். பினாங்கிலேயே இதற்கோர் ஆலை அமைக்கப்போவதாகச் செல் அக்ரிடெக் நிறுவனம் 2020களில் அறிவித்த பிறகு, பாயான் லெப்பாசில் தேநீர்க்கடைப் பேச்சிலும் இது அடிபடுகிறது. நல்லது. ஆனால் மகிழுமுன் ஒரு கேள்வி. அந்த உயிரணுக்கள் எதை உண்டு வளர்ந்தன?

விலங்கின் தசையிலிருந்து எடுத்த உயிரணுக்கள் வெறுங்கலத்தில் தாமாகப் பெருகிவிடா. சர்க்கரை, உப்பு, அமினோ அமிலங்கள் கலந்த வளர்ப்பு நீர்மம் வேண்டும். பெருகும்படித் தூண்டும் புரதங்களும் வேண்டும். அப்புரதங்களை நெடுங்காலமாகத் தந்துவந்தது சினைப்பசுவின் கருக்கன்று! தாய்ப்பசுவை அறுத்தபின், அதன் வயிற்றிலிருந்த கன்றின் நெஞ்சில் ஊசியைச் செலுத்திக் குருதியை வடித்து, அதிலிருந்து பிரித்தெடுப்பதே சீரம் எனப்படும் ஊநீர். 2013இல் மார்க் போஸ்ட் இலண்டனில் உண்ணக்கொடுத்த முதல் ஆய்வகப் பர்கர் இவ்வூநீரில்தான் வளர்ந்தது. 2020 திசம்பரில் சிங்கப்பூர் விற்பனைக்கு இசைவளித்த கோழியிறைச்சிக்கும் இது பயன்பட்டது. ஊநீர் இல்லா நீர்மத்துக்கு அங்கே இசைவு கிடைத்தது 2023 சனவரியில்தான். இடைப்பட்ட ஈராண்டுகளில் ‘கொலையில்லா’ என்னும் அடைமொழிக்கு என்ன பொருள் ஐயா?

“அந்தக் கன்று எப்படியும் வீணாகத்தானே போகும்” என்பார் சிலர். விலை வைத்து விற்கும் பொருளை வீண் என்பது என்ன கணக்கோ! “அறுவடையின்போது கழுவிவிடுகிறோம், மிச்சம் இல்லை” என்பார் வேறு சிலர். மிச்சம் உண்டா இல்லையா என்பது வேதியியல். நான் கேட்பது கன்றைப் பற்றி.

வேறு வழியே இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளலாம். வழி இருக்கிறதே! நுண்ணுயிரில் உருவாக்கிய மனித இன்சுலினுக்கு 1982இல் இசைவு கிடைக்கும்வரை, நீரிழிவு நோயாளிகள் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே ஏற்றிக்கொண்டனர். வளர்ப்பு நீர்மத்துக்கான புரதங்களையும் அதே முறையில் செய்ய இயலும். 2022இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘பீஃபி-9’ என்னும் நீர்மத்தில், மாட்டின் தசை உயிரணுக்களை ஊநீரின்றிப் பெருக்கிக் காட்டினர். அதிற்சேர்ந்த அல்புமின் புரதமும் மரபணு நுட்பத்தால் செய்யப்பட்டதே. வளர்ச்சித் தூண்டிகளின் விலைதான் இன்னும் பெருந்தடை. விலை என்றால் விலை என்றே சொல்லுங்கள். அருளாளர் வேடம் எதற்கு?

இசுலாமியர் இக்கேள்வியைக் கேட்டுவிட்டனர். சிங்கப்பூரின் முயிஸ் மன்றம் 2024 பிப்ரவரியில் ஃபத்வா வெளியிட்டது. உயிரணுக்கள் ஹலால் விலங்கினுடையவையாக இருத்தல் வேண்டும், ஹலால் அல்லாத பொருள் சேரலாகாது என்று தெளிவாக நிபந்தனை விதித்தது. நம் கோயில் அமைப்புகளும் சைவ மன்றங்களும் எப்போது வாய்திறக்கும்? (நான் எப்படியும் உண்ணப்போவதில்லை, அது வேறு.)

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள், உணவில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றிலிருந்து பெற்ற பொருளோ இருந்தால் உறையில் அறிவிக்க வேண்டும் என்கின்றன. ‘இருந்தால்’ என்னும் சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. மாட்டின் ஊநீரில் வளர்ந்து, கழுவப்பட்டு வரும் மீன்துண்டு எந்த அறிவிப்புமின்றிக் கடைக்கு வரக்கூடும். மாட்டிறைச்சி உண்ணாத இந்து அதை மீன் என்றே நம்பி வாங்குவார். ஆகவே, இறைச்சி எந்த நீர்மத்தில் வளர்ந்தது, அதில் விலங்குப் பொருள் சேர்ந்ததா என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் எனச் சுகாதார அமைச்சுக்கு மடல் எழுதவிருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரிலும் ஒரு மடல் போகட்டும்.