ஒரே பெயர், இரண்டு கூலி

அமெரிக்க விமானத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களின் விமானிகளும் தங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் ‘ஸ்கோப்’ என்றொரு பிரிவை எழுதி வாங்கியிருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானங்களில் எவற்றை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கு அது வரம்பு கட்டுகிறது. அப்படி ஒப்படைக்கும் விமானத்தில் 76 இருக்கைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. புறப்படும்போது அதன் எடை 86,000 பவுண்டை, அதாவது சுமார் 39 டன்னைத் தாண்டக் கூடாது. எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த வரம்புகளால் சிறு நகரங்கள் விமான சேவையை இழக்கின்றன, கட்டணம் ஏறுகிறது, நவீன விமானங்கள் வரவில்லை, இளம் விமானிகள் நசுக்கப்படுகிறார்கள். ஆகவே ஸ்கோப்பைத் தளர்த்துங்கள் என்பதே அந்த வாதம்.

இதை நான் மறுக்கிறேன். ஸ்கோப் எந்த விமானத்துக்கும் தடை போடவில்லை. எந்த ஊருக்கும் பறக்காதே என்று சொல்லவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய விமானத்தை யார் ஓட்டுவது, என்ன ஊதியத்தில் ஓட்டுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வோம்.

முதல் குற்றச்சாட்டு: சிறு நகரங்கள் சேவையை இழக்கின்றன.

2022 மார்ச்சில், பெரிய நிறுவனங்களுக்காகச் சிறு விமானங்களை ஓட்டும் ‘வட்டார’ நிறுவனங்களில் ஒன்றான ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தோடு சேவை நடத்திவந்த 29 ஊர்களிலிருந்து விலக அனுமதி கேட்டது. அதே ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டொலீடோ, இத்தாக்கா, ஐஸ்லிப் ஆகிய நகரங்களைத் தன் அட்டவணையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. இரண்டு நிறுவனங்களும் சொன்ன முக்கியக் காரணம்: வட்டார விமானங்களை ஓட்ட விமானிகள் கிடைக்கவில்லை. இருக்கை வரம்பையோ எடை வரம்பையோ அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. பல ஆண்டுகளாகக் குறைந்த ஊதியத்தில் ஓடிய வேலைக்கு ஆள் வரவில்லை என்பதே நடந்தது. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்களான என்வாயும் பீட்மான்ட்டும் புதிய துணை விமானிக்கு, தற்காலிகக் கூடுதல் தொகை உட்பட, மணிக்கு 90 டாலர் தருவதாக அறிவித்தன. மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே உயர்த்தின. நோய் ஊதியத்தில் இருந்தது. மருந்தையும் அங்கேதான் தேட வேண்டியிருந்தது.

லாபம் வராத ஊர்களுக்கும் விமானம் போக வேண்டும் என்பது பொதுநலக் கேள்வி. 1978இல் விமானத் துறை மீதான கட்டுப்பாடுகளை நீக்கியபோதே அமெரிக்க அரசு அதற்கென மானியத் திட்டம் ஒன்றை உருவாக்கிவிட்டது. அந்தப் பொறுப்பை விமானியின் சம்பளத்தில் பிடித்தம் செய்து நிறைவேற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது: வெளியே கொடுத்தால் டிக்கெட் விலை குறையும்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். டிக்கெட்டை விற்பதும், விலை வைப்பதும், நேர அட்டவணை போடுவதும் பெரிய நிறுவனம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவும் அதனுடையதே. விமானத்தை ஓட்டித் தரும் வட்டார நிறுவனத்துக்கு, பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், ஓட்டிய நேரத்துக்கும் புறப்பாட்டுக்கும் பேசிய தொகை போய்ச் சேரும். ஆக, விமானிக்குக் குறைத்துக் கொடுத்த பணம் முதலில் பெரிய நிறுவனத்தின் கணக்கில்தான் மிஞ்சுகிறது. பயணியின் கட்டணமோ அந்தத் தடத்தில் போட்டி எவ்வளவு என்பதைப் பொறுத்தது. போட்டியே இல்லாத சிறு ஊரில், விமானி மலிவாகக் கிடைத்தார் என்பதற்காக யாரும் டிக்கெட் விலையைக் குறைப்பதில்லை.

மூன்றாவது: நவீன விமானங்களை ஸ்கோப் தடுக்கிறது.

இதற்கு எப்போதும் இரண்டு சாட்சிகள் காட்டப்படுகின்றன. ஒன்று எம்ப்ரேயரின் ஈ175-ஈ2. அது எடை வரம்பைத் தாண்டுகிறது. 2022இல் அதன் உருவாக்கப் பணிகளை எம்ப்ரேயர் நிறுத்திவைத்தது. ஆனால் டெல்டாவோ யுனைடெட்டோ அந்த விமானத்தை வாங்கித் தங்கள் சொந்த விமானிகளைக் கொண்டு ஓட்டலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட அதைத் தடுக்காது. வாங்காமல் இருப்பது நிறுவனங்களின் முடிவு. இன்னொரு சாட்சி ஜப்பானின் மிட்சுபிஷி ஜெட். 2013இல் வந்துவிடும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். தாமதத்துக்கு மேல் தாமதமாகி, பறக்கும் தகுதிச் சான்று பெறாமலேயே 2023 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. சான்றே பெறாத விமானத்தின் தோல்விக்கு ஸ்கோப்பை முதல் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமில்லை.

எதிர்ச் சாட்சிகளும் இருக்கின்றன. 109 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ220 விமானத்தை டெல்டா 2019 பிப்ரவரி முதல் தன் சொந்த விமானிகளைக் கொண்டே ஓட்டுகிறது. அதற்கு முன், 2012 ஒப்பந்தத்தில், 76 இருக்கை விமானங்களைக் கூடுதலாக அனுமதிக்க டெல்டா விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஈடாக 88 போயிங் 717 விமானங்கள் தாய் நிறுவனத்துக்கு வந்தன. 50 இருக்கை ஜெட்களின் எண்ணிக்கை வெட்டப்பட்டது. பேசித் தீர்க்க வழி இருக்கிறது என்பதற்கும், வரம்பு இருந்தால்தான் பேரமே நடக்கும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நான்காவது: எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு விதிதான்; யார் ஓட்டினால் என்ன?

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய நிறுவனமான கான்டினென்டலின் பெயரில் விற்கப்பட்ட பயணம், ஓட்டியது கோல்கன். துணை விமானியின் ஆண்டு ஊதியம் 25,000 டாலரைக்கூட எட்டவில்லை. அவர் பணியிடமான நியூவர்க்குக்கு, நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டிலிலிருந்து, இரவோடு இரவாக வேறு விமானங்களில் இடம் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். உடல்நிலையும் சரியில்லை. இப்போது விடுப்பு சொன்னால் ஹோட்டல் செலவைத் தானே ஏற்க வேண்டும் என்று அவர் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது.

வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்பளித்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு 2010இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். விமானிகளின் அனுபவத் தகுதியும் ஓய்வு விதிகளும் கடுமையாக்கப்பட்டன. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவையானது. டிக்கெட் விற்கும்போதே விமானத்தை உண்மையில் ஓட்டும் நிறுவனம் எது என்று சொல்ல வேண்டியதாயிற்று. யார் ஓட்டுகிறார் என்பது பயணிக்கு முக்கியம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 உயிர்களைப் பலிகொண்ட விபத்தில் சிக்கியதும் ஒரு வட்டார ஜெட்தான். அதை இந்த வாதத்துக்குச் சான்றாக நான் காட்ட மாட்டேன். அவுட்சோர்சிங்கின் மீது பழி போட அங்கே இடமில்லை.

ஐந்தாவது: ஸ்கோப் மூத்தவர்களைக் காத்து இளையவர்களை நசுக்குகிறது.

குற்றச்சாட்டுகளில் கனமானது இதுதான். டெல்டா விமானிகளுக்கும், அதன் துணை நிறுவனமான காம்ஏர் விமானிகளுக்கும் ஒரே சங்கம் இருந்தது. சங்கம் பெரிய நிறுவனத்தின் விமானிகள் பக்கம் சாய்கிறது என்று வட்டார விமானிகள் சிலர் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு. சிறிய ஜெட்களை யார் ஓட்டினால் என்ன என்று மூத்தவர்கள் தங்கள் ஊதிய உயர்வுக்கு ஈடாக அந்த வேலையை விட்டுக்கொடுத்த காலம் இருந்தது. 2001க்குப் பின் வந்த திவால்களின் போது, இருக்கை வரம்பு 70க்கும் 76க்கும் ஏறியது.

ஆனால் இளையவர்களை நசுக்கியது அந்த விட்டுக்கொடுப்புதான். காம்ஏர் விமானிகளின் கதையையே பாருங்கள். 2001 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கி, 89 நாள் தாக்குப்பிடித்து, வட்டார நிறுவனங்களிலேயே மேலான ஓர் ஒப்பந்தத்தை வென்றார்கள். அவர்கள் ஓட்டும் வேலை அவர்களிடமே இருக்கும் என்று டெல்டாவைக் கட்டிப்போடும் பிரிவு எதுவும் அவர்களிடம் இல்லை. காம்ஏர் தேய்ந்தது. 2012 செப்டம்பரில் டெல்டா அதை மூடியது. செலவு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. டெண்டரில் குறைந்த தொகை போட்டவருக்கு வேலை போகும் இடத்தில், கூலி உயர்வு கேட்டு வென்றவரே முதலில் வெளியேறுகிறார். அங்கிருந்து வேறு நிறுவனத்துக்குப் போகும் விமானி பணிமூப்புப் பட்டியலின் கடைசியில் நின்று மறுபடி தொடங்க வேண்டும். இருபது வருட அனுபவமும் ஊதியக் கணக்கில் பெரும்பாலும் பூஜ்யமாகிவிடும்.

ஸ்கோப் தளர்ந்தால் இந்த டெண்டர் இன்னும் பெரிய விமானங்களுக்கும் வரும். இளையவர் மேலே போகக் காத்திருக்கும் இடங்களே கீழே இறங்கிவிடும். அவர்களுக்குத் தேவை ஒரே பணிமூப்புப் பட்டியலும், தாய் நிறுவனத்துக்கு வரிசைப்படி ஏறும் உரிமையும். அமெரிக்கனின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ ஆகியவற்றின் விமானிகளுக்கு அமெரிக்கனுக்குப் போகும் அத்தகைய வழி இன்று இருக்கிறது. அதைத் தந்ததும் எழுதிவைத்த ஒப்பந்தம்தான்.

கொரோனாவுக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வட்டார நிறுவனங்கள் ஓட்டின. இவ்வளவு பெரிய பங்கை விட்டுக்கொடுத்த பிறகும், தடை போடுவது சங்கம்தான் என்பது எடுபடாது. பெரிய நிறுவனங்கள் எந்த விமானத்தையும் வாங்கட்டும், எந்த ஊருக்கும் பறக்கட்டும். வாலில் தங்கள் பெயரை எழுதினால், உள்ளே அமர்ந்து ஓட்டுகிறவரையும் தங்கள் ஆளாக ஏற்று, தங்கள் ஊதியத்தைக் கொடுக்கட்டும். ஸ்கோப் கேட்பது இவ்வளவுதான். இதில் ஒரு இருக்கையைக்கூட விமானிகள் இனி விட்டுக்கொடுக்கக் கூடாது.