காதில் விழுவது வேறு, செவிமடுப்பது வேறு: பச்சிளம் குழந்தைகளின் செவித்திறன் சோதனையில் நாம் கோட்டை விடும் இடம்

காது கேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்ய பல லட்சம் ரூபாய் ஆகும். தமிழகத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் 'அடிப்' திட்டமும் இதே சிகிச்சைக்கு நிதி வழங்குகிறது. இவை இரண்டும் பாராட்டுக்குரிய திட்டங்கள்தான்.

ஆனால் அறுவை சிகிச்சை என்பது ஒரு நீண்ட சங்கிலியின் நடுக்கண்ணி மட்டுமே. அதற்கு முன்னால், குழந்தைக்குக் கேட்கவில்லை என்பதை யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால், கருவி பொருத்திய குழந்தை உண்மையிலேயே கேட்டுப் பழகுகிறதா என்பதை யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டும். சென்னையில் இந்த இரண்டும் ஓரளவு நடக்கின்றன. பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஒரு தாலுகா ஊரில் என்ன நிலை என்பதுதான் நம் கேள்வி.

ஆறு மாதம் என்ற எல்லைக்கோடு

பிறவியிலேயே கணிசமான செவித்திறன் குறையுடன் பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர் என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தக் குழந்தைகளுக்கு உலகெங்கும் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் விதி '1-3-6'. அதாவது ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும்.

ஏன் இந்த அவசரம்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ தலைமையில் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. காது கேளாத 150 குழந்தைகளில் ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டவர்கள் 72 பேர், அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்கள் 78 பேர். முதல் பிரிவினரின் மொழி வளர்ச்சி தெளிவாக முன்னே நின்றது. குறை எவ்வளவு கடுமையானது என்பதை விட, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்பதே முக்கியமாக இருந்தது.

காரணம் எளிது. மூளையில் ஒலிக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி, முதல் சில ஆண்டுகளில் ஒலி வந்து சேர்ந்தால்தான் அதற்கேற்ப வளரும். வராவிட்டால் அந்த இடத்தைப் பார்வை போன்ற பிற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். நான்கு வயதில் கருவி பொருத்தினால் காதுக்கு ஒலி போகும். அதற்கு அர்த்தம் கொடுக்க மூளை மிகவும் சிரமப்படும்.

கருவி சொல்வது எது, சொல்லாதது எது?

பிறந்த குழந்தைக்குச் செய்யும் முதல் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். 1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் கண்டுபிடிப்பு இதற்கு அடிப்படை. ஆரோக்கியமான உட்காதுக்குள் ஒலி சென்றால், அங்குள்ள நுண்மயிர்ச் செல்கள் மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து இந்த எதிரொலியை அளக்கிறார்கள். வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் இது உட்காது வரைதான் பேசும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வழியில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. 'பாஸ்' காட்டிவிடும். குழந்தைக்கோ பேச்சு புரியாது. பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்களுக்கு 'பெரா' எனப்படும் இரண்டாவது சோதனை கட்டாயம் வேண்டும். தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை இது பதிவு செய்கிறது.

மூன்றாவது வகை, குழந்தையின் நடத்தையை வைத்துச் செய்வது. ஆறு மாதம் ஆன குழந்தை ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒளிரும் பொம்மை ஒன்றைக் காட்டி, எவ்வளவு மெல்லிய ஒலிக்கு அது திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். இதற்கு அமைதியான அறையும், பொறுமையான செவித்திறன் நிபுணரும் தேவை.

இந்த மூன்றும் சேர்ந்து 'குழந்தைக்குக் கேட்கிறதா' என்று சொல்லும். 'குழந்தை செவிமடுக்கிறதா' என்பதற்கான பதில் வீட்டில்தான் இருக்கிறது. உம்மாவின் குரலுக்கும் பக்கத்து வீட்டு அத்தையின் குரலுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முகத்தைப் பார்க்காமலேயே திரும்புகிறதா? வாசலில் பைக் சத்தம் கேட்டதும் வாப்பா வந்துவிட்டார் என்று கதவைப் பார்க்கிறதா? இதைக்கூட முறையாக அளக்க வழி இருக்கிறது. 'ஐடி-மெய்ஸ்' என்ற அளவுகோலில் பெற்றோரிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40 மதிப்பெண் போடுகிறார்கள். 'லிட்டில் இயர்ஸ்' என்ற மற்றொரு படிவத்தில் 35 ஆம்-இல்லை கேள்விகள் உள்ளன. இவற்றுக்கு மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. தாயோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் போதும்.

தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனையா?

நம் வீடுகளில் குழந்தைக்குக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்க்கிறோம், கை தட்டுகிறோம், கதவை அறைகிறோம். குழந்தை திரும்பிவிட்டால் நிம்மதி. இது ஏமாற்றும் நிம்மதி. அதிர்வை உணர்ந்தும், நிழலைப் பார்த்தும் குழந்தை திரும்பலாம். பாதி கேட்கும் குழந்தைக்கும் தட்டுச் சத்தம் கேட்கும். 'ஸ்', 'ஷ்' போன்ற மெல்லிய உச்ச ஒலிகள் கேட்காது. பேச்சைப் புரிந்துகொள்ள அவை தேவை.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஊ', 'ஆ' என்று குரல் எழுப்பும், சிரிக்கும், அழும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தன் குரலைத் தானே கேட்க முடியாததால், 'பபப', 'மமம' என்று அடுக்கிப் பேச வேண்டிய மாதங்களில் அது அமைதியாகிவிடுகிறது. அப்போதும் "இவங்க அத்தாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலில் இரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன.

குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்வது நம் வழக்கம். அந்தக் காதுக்கு ஒலி போய்ச் சேர்கிறதா என்று அதே மாதத்தில் பார்ப்பதையும் நாம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டியில் சங்கிலி அறுவது எங்கே?

அரசிடம் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006-07இல் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் வந்த ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறவிக் காது கேளாமையும் பட்டியலில் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். சந்தேகம் உள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் இரண்டு வருகைக்கு நடுவே ஆறு மாதம். '1-3-6' விதி தரும் மொத்த அவகாசமே ஆறு மாதம்தான். குழு வரும் நாளில் குழந்தை ஊரில் இல்லாவிட்டால் ஓராண்டு போய்விடும்.

குழந்தை ஊரில் இல்லாமல் போவது இங்கே மிகச் சாதாரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லாச் சமூகத்திலும் வழக்கம். சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ பிறந்த குழந்தை, சில மாதங்கள் கழித்து பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருகிறது. முதல் சோதனை ஒரு மாவட்டத்தில், இரண்டாவது சோதனை செய்ய வேண்டிய தேதி இன்னொரு மாவட்டத்தில். இதோடு தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மறுபடி அழைத்து வாருங்கள்' என்று எழுதிய சீட்டு பையிலேயே கிடக்கும்.

மொழியும் ஒரு தடை. இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் உண்டு. நம்மவர்களில் உருது பேசும் குடும்பங்களும் உண்டு. குழந்தை எந்தச் சொல்லுக்குத் திரும்புகிறது என்று கேட்பவர், அந்த வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கையில் இருக்கும் தீர்வு

புதிய துறை எதையும் உருவாக்கத் தேவையில்லை. தமிழகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'பிக்மி' எண் தரப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அந்த எண் வேண்டும். தடுப்பூசிக்காகக் குழந்தை 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதத்திலும், 16 மாதத்துக்குப் பிறகும் சுகாதார நிலையத்துக்கு வந்தே தீரும். ஊர் மாறினாலும் தடுப்பூசியைப் பெரும்பாலான பெற்றோர் தவறவிடுவதில்லை.

இந்த வருகைகளை செவித்திறன் கண்காணிப்போடு இணைத்தால் போதும். முதல் வருகையில் 'ஓ.ஏ.இ. செய்தாயிற்றா, எந்தக் காது பாஸ், எந்தத் தேதி' என்று அட்டையில் எழுத வேண்டும். 14 வாரத்தில், தாயின் குரலுக்கு அழுகை நிற்கிறதா என்று கேட்க வேண்டும். 9 மாதத்தில், ஒலி வந்த பக்கம் திரும்புகிறதா, பெயருக்குத் திரும்புகிறதா, அடுக்கிப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். 16 மாதத்தில், சைகை காட்டாமல் 'பந்தை எடு' என்றால் புரிகிறதா என்று கேட்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். பதில் 'இல்லை' என்றால் பெரா சோதனைக்குத் தேதி வாங்கித் தந்த பிறகே அனுப்ப வேண்டும்.

கருவிப் பற்றாக்குறைக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கொச்சியில் 2003 முதல் குழந்தை மருத்துவர்கள் ஒரு வழி செய்தார்கள். மருத்துவமனைக்கு ஒரு கருவி வாங்காமல், பொதுவான ஒரு கருவியை வைத்துக்கொண்டு பயிற்சி பெற்றவரை நகரின் மருத்துவமனைகளுக்கு முறைவைத்து அனுப்பினார்கள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், கடத்தூர், பொம்மிடி என்று ஒரு சுற்று வைத்தால் இதே முறை இங்கும் எடுபடும். நிபுணர் இல்லாத இடத்துக்கும் வழி உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர், செயற்கைக்கோள் இணைப்புள்ள வாகனம் மூலம் தொலைவிலிருந்தே பெரா சோதனை செய்ய முடியும் என்று 2013இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஊரிலேயே முதல் சோதனை செய்யும் முறையையும் அவர்கள் தமிழகத்தில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கருவி பொருத்திய பிறகு

காதொலிக் கருவியோ காக்ளியர் இம்ப்ளான்டோ பொருத்திய நாளில் வேலை முடிவதில்லை. கைக்குழந்தையின் காது வேகமாக வளரும். கருவியின் காது அச்சை சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் 'கீச்' என்று சத்தம் வரும், குழந்தை பிடுங்கி எறியும். பேட்டரி தீர்ந்தது தெரியாமலே நாட்கள் போகும்.

இதற்கு டேனியல் லிங் என்ற நிபுணர் உருவாக்கிய ஆறு ஒலிச் சோதனை இருக்கிறது. தினமும் காலையில் குழந்தையின் பக்கவாட்டில், வாய் தெரியாதபடி அமர்ந்து, சாதாரணக் குரலில் 'ம்', 'ஊ', 'ஆ', 'ஈ', 'ஷ்', 'ஸ்' என்று இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். நேற்று 'ஸ்' ஒலிக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் கம்பியையும் பாருங்கள், பிறகு நிபுணரிடம் போங்கள்.

சென்னை அடையாறில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, பெற்றோரைப் பயிற்சியின் நடுவே வைத்தால் காது கேளாக் குழந்தையும் பேசிப் படித்துப் பொதுப் பள்ளிக்குப் போக முடியும் என்பதைப் பல தலைமுறைக் குழந்தைகள் வழியே காட்டியிருக்கிறது. கருவியால் பயன் கிடைக்காத குழந்தைகளும் இருப்பார்கள். அவர்களுக்குச் சைகை மொழி முழுமையான ஒரு மொழி. எந்த மொழியும் இல்லாமல் குழந்தையை வளர விடுவதுதான் பெரும் அநீதி.

நம் பங்கு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தைகளின் செவித்திறன் குறையில் ஏறக்குறைய 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா காய்ச்சல் அவற்றில் ஒன்று. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். சொந்தத்துக்குள் திருமணமும் ஒரு காரணம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர் இருந்தால், அடுத்த குழந்தை பிறந்த வாரத்திலேயே சோதனைக்குப் போவது குறைந்தபட்சக் கடமை.

ஊர் ஜமாஅத்தும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. பிறந்த குழந்தைகளின் பட்டியலில் 'காது சோதனை ஆயிற்றா' என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். பயிற்சிக்காக வாரந்தோறும் தருமபுரிக்கோ சேலத்துக்கோ போகும் தாய்க்குப் பஸ் செலவும், ஒரு நாள் கூலியும், காது அச்சுக்கான பணமும் கொடுக்கலாம். தொலைவும் கூலி இழப்பும் சேர்ந்துதான் பல குடும்பங்களைப் பயிற்சியைப் பாதியில் நிறுத்த வைக்கின்றன.

வீட்டில் கைக்குழந்தை உள்ள ஒவ்வொருவரும் இன்றே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்தச் சோதனை, எந்தத் தேதி, எந்தக் காது என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த ஊசிக்குப் போகும்போது செவிலியரிடம் கேளுங்கள்.