விசா ரெடி மச்சி... ஆனா எந்த விசா?



போன மாசம் லீவுக்கு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தன் மாட்டினான். முகம் முழுக்க பல்லு. 'மச்சி, தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை. ஒன்றரை லட்சம் கட்டினா போதும். இன்டர்வியூ வாட்ஸ்அப்லயே முடிஞ்சுது. கம்பெனி பேரு அங்க போனதும் சொல்வாங்களாம்!'

டிப்ளமோ முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடிக் களைச்சுப் போனவன். அவங்கம்மாவோட செயின் அடகுக் கடைக்குப் போக ரெடியா இருந்தது. என் கையில இருந்த டீ ஆறிப் போச்சு.

நம்ம பக்கத்துக்கு ஃபாரின் புதுசில்ல. லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில்... எங்க போனாலும் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியான்னு சம்பாதிச்சு வீடு கட்டினவங்க இருக்காங்க. அதனாலேயே 'ஏஜென்ட் தெரிஞ்சவர்தான்'னு யாராவது சொன்னா உடனே தலையாட்டிடறோம். ஸோ, இந்த வாரம் ஏமாத்து வேலைகளை வரிசையா பார்த்துடலாம்.

டைப் 1: டூரிஸ்ட் விசாவுல 'வேலை'

என் ஃப்ரெண்டுக்கு விரிச்ச அதே வலை! 'போய் இறங்குங்க, அப்புறம் மாத்திக்கலாம்'னு சொல்வாங்க. மாத்த மாட்டாங்க. 2022-ல் 'டிஜிட்டல் சேல்ஸ்' வேலைன்னு தாய்லாந்துக்குக் கூட்டிட்டுப் போன நம்ம பசங்களை, எல்லை தாண்டி மியான்மரோட மியாவாடி பகுதியில கொண்டுபோய் அடைச்சாங்க. அங்க வேலை என்ன தெரியுமா? ஆன்லைன்ல மத்தவங்களை ஏமாத்தறது. மறுத்தா அடி, உதை. அந்த வருஷம் அக்டோபர்ல 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்தாங்க. அதோட முடியலை. 2025 மார்ச்ல விமானப்படை விமானங்கள் போய் 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்தது.

டைப் 2: டம்மி காலேஜ்

இது நம்ம இன்ஜினீயரிங் கூட்டத்துக்கு! 'பேருக்குச் சேர்ந்துக்கோ, கிளாஸ் போக வேணாம், ஸ்டூடண்ட் விசாவுல வேலை பார்க்கலாம்.' 2011-ல் கலிஃபோர்னியாவோட டிரை-வேலி யுனிவர்சிட்டி இப்படித்தான் சிக்கிச்சு. இந்திய மாணவர்கள் சிலருக்குக் கணுக்கால்ல ரேடியோ டேக் மாட்டி அனுப்பினாங்க. நடத்தின அம்மாவுக்கு 2014-ல் 16 வருஷத்துக்கும் மேல ஜெயில்.

அதைவிட ஷாக், மிச்சிகன்ல இருந்த ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி. வாத்தியாரே கிடையாது, கிளாஸே கிடையாது. நடத்தினதே அமெரிக்க குடியேற்றத் துறைதான்! பொறி வெச்சுக் காத்திருந்து 2019 ஜனவரியில கதவைச் சாத்தினாங்க. ஆள் பிடிச்சுக் குடுத்த 8 பேர் மேல வழக்கு. முதல் ரவுண்டுலயே 129 இந்திய மாணவர்கள் பிடிபட்டாங்க.

டைப் 3: போலி பேப்பர்

போலி அட்மிஷன் லெட்டர், போலி எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட், ஒரு மாசத்துக்கு மட்டும் கடன் வாங்கிக் காட்டற பேங்க் பேலன்ஸ்... கனடாவுல 2023-ல் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு 'உங்க அட்மிஷன் லெட்டரே போலி, நாட்டை விட்டுக் கிளம்புங்க'ன்னு நோட்டீஸ் வந்தது. பல பேர் படிச்சு முடிச்சு வேலையிலயே சேர்ந்துட்டாங்க. லெட்டர் போலின்னே தெரியாதவங்களும் அதுல உண்டு. அப்புறம்தான், ஒவ்வொரு லெட்டரையும் காலேஜ்கிட்டயே நேரா கேட்டு உறுதி பண்ற முறை 2023 டிசம்பர்ல வந்தது.

மாட்டினா என்ன ஆகும்?

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க பாஸ். ஃபார்மை நிரப்பினது ஏஜென்ட்டா இருக்கலாம். கையெழுத்து உங்களோடது. 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னா, அதை நிரூபிக்கற பாரமும் உங்க தலையிலதான் வந்து விழும்.

தெரிஞ்சே பொய் சொல்லி விசா கேட்டா அமெரிக்காவுல வாழ்நாள் தடை. விலக்கு வாங்கறது குதிரைக் கொம்பு. பிரிட்டன்ல 10 வருஷம், கனடாவுல 5 வருஷம், ஆஸ்திரேலியாவுல 3 வருஷம் வரைக்கும் கதவு மூடிடும். 20 வயசுல செஞ்சது 30 வயசுலயும் துரத்தும்.

நம்ம ஊர்லயும் சும்மா விட மாட்டாங்க. பொய்த் தகவல் குடுத்து பாஸ்போர்ட் வாங்கினா 2 வருஷம் வரை ஜெயில். 2025 செப்டம்பர்ல அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, போலின்னு தெரிஞ்சே அந்த பாஸ்போர்ட், விசாவை வெச்சு நாட்டுக்குள்ள வந்தாலோ வெளிய போனாலோ 2-லேர்ந்து 7 வருஷம் ஜெயில், 1 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரை அபராதம்.

ஏஜென்ட்டுக்கு? பதிவு இல்லாம வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்தா, 1983-ம் வருஷ குடியேற்றச் சட்டப்படி 2 வருஷம் வரை ஜெயில், அபராதம் வெறும் 2,000 ரூபாய்! நல்லவேளை, மோசடி வழக்கும் சேர்ந்தா 7 வருஷம் வரை போகும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி...

* ஏஜென்ட்கிட்ட பதிவு எண் கேளுங்க. மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல அது இருக்கான்னு நீங்களே தேடுங்க.

* பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கண்டிப்பா வாங்குங்க.

* விசாவுல 'வேலை'ன்னு இருக்கா பாருங்க. கம்பெனி பேரோட எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாம ஃபிளைட் ஏறாதீங்க.

* தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லேர்ந்தே இருக்கு. அங்கயும் ஒரு எட்டு விசாரிங்க.

* ஆன்லைன்ல பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. வெட்கப்பட்டு வாயை மூடிக்கிட்டா லாபம் ஏமாத்தினவனுக்குத்தான்.

சரி, என் ஃப்ரெண்டு கதை? டீக்கடையிலயே உட்கார்ந்து இ-மைக்ரேட்ல தேடினோம். அந்த ஏஜென்ட் பேரே இல்லை. போன் போட்டு பதிவு எண் கேட்டான். 'இவ்ளோ சந்தேகம்னா வேற ஆளைப் பாரு தம்பி, சீட் போயிடும்'னு லைன் கட்!

பணம் தப்பிச்சுது. ஆனா அவன் முகத்துல சந்தோஷம் இல்லை. 'போகாதேன்னு சொல்லிட்டே. இங்க எனக்கு என்ன மச்சி இருக்கு?'ன்னான். என்கிட்ட பதில் இல்லை. அடுத்த நாளே ரெண்டு பேரும் உட்கார்ந்து, அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல அவன் பேரைப் பதிவு பண்றதுக்கு சர்ட்டிஃபிகேட் எல்லாம் எடுத்து அடுக்கினோம்.

எங்க ஊர் பூவராகர்கூட வருஷா வருஷம் மாசி மகத்துக்குக் கிள்ளை கடற்கரை வரைக்கும் போறார். ஊரே வழியனுப்பும், பத்திரமா திரும்பியும் வருவார். நீங்களும் போங்க ஃப்ரெண்ட்ஸ். ஆனா, திரும்பி வர்ற வழியையும் பார்த்து வெச்சுக்கிட்டுப் போங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!