பாறை சுடும் முன் இறங்கிவிடுங்கள்

நார்த்தாமலைக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது உயரத்தைத்தான். "பெரிய மலையா சார்?" இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில், கீரனூருக்குத் தெற்கே கிடக்கும் அந்த ஒன்பது குன்றுகளில் எதுவுமே பெரிதில்லை. மேலமலையில் விஜயாலய சோழீசுவரம் கோயில் வரை சிறுவர்களும் ஏறிவிடுவார்கள். வம்பே அதில்தான். அரை லிட்டர் பாட்டிலும் ரப்பர் செருப்புமாக ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்குகிறது ஒரு கூட்டம்.

நிலவியல் மாணவர்களைப் பல வருடம் இங்கே கூட்டிவந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மலைக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, கடிகாரம் பார்க்க வேண்டும். காட்டு மலையில் மர நிழல் உண்டு. இது மொட்டைப் பாறை. காலையில் வாங்கத் தொடங்கும் வெயிலைச் சாயங்காலம் வரை விடாது. மேலிருந்து சூரியன், கீழிருந்து கல் என இரண்டு பக்கமும் வேகும். மார்கழி, தை, மாசி நல்ல காலம். விடியும்போது அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதரைக்குள் இறங்கிவிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சுமையே இல்லை.

சோழீசுவரம் மேற்குப் பார்த்த கோயில். எதிரே இருக்கும் இரண்டு குடைவரைகளும் கிழக்குப் பார்த்தவை. காலை வெயில் அவற்றுள் ஒன்றின் மண்டபத்துக்குள் சாய்வாக விழும்போது அங்குள்ள பன்னிரண்டு திருமால் சிற்பங்களின் மடிப்பும் விளிம்பும் துலங்கும். அந்த நேரம் கோயில் வாசல் நிழலில் குளிர்ந்து கிடக்கும். மாலையில் கோயில் முகப்பு பொன்னாகத் தெரியும் என்று படம் எடுப்பவர்கள் மூன்று மணிக்கு ஏறுகிறார்கள். படம் நன்றாகத்தான் வரும். பாதம் என்ன ஆகும்?

ஒருமுறை பங்குனியில் வாசல் நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாணவர்களுக்கு வட்டக் கருவறையை விளக்கிக்கொண்டிருந்தேன். சதுரக் கட்டடத்துக்குள் வட்டக் கருவறை, ஒன்பதாம் நூற்றாண்டு, முத்தரையர் காலம் என்று பேச்சு நீண்டது. வெளியே வந்தால் நிழல் நகர்ந்துவிட்டது. செருப்பு வரை பத்தடி. இரண்டு கால்களிலும் கொப்புளம். பாறையின் குணத்தைப் பாடம் நடத்துபவனுக்கே அந்த கதி.

கருங்கல்லின் மேற்தோல் வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, வெங்காயச் சருகு போல உரியும். மிதிக்கும்போது 'டொக்'கென்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் விளிம்புப் பக்கம் போகாதீர்கள். மழைநீர் வழிந்த தடத்தில் படிந்திருக்கும் கறுப்புக் கோடுகள் நுண்பாசி. காய்ந்தால் பிடிமானம், நனைந்தால் எண்ணெய். ஐப்பசி மழைக்கு மறுநாள் அதில் கால் வைக்கவே கூடாது. விலையுயர்ந்த பூட்ஸைவிட ஆடு மேய்ப்பவர்களின் டயர் செருப்பு இங்கே நன்றாகப் பிடிக்கும். இந்தக் குன்றுகளில் ஒன்றின் பெயரே ஆளுருட்டிமலை. வேறென்ன எச்சரிக்கை வேண்டும்?

2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் குரங்கணிக் காட்டுத்தீயில் கருகி இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. 2024-இல் வனத்துறை நாற்பது பாதைகளைப் பிரித்து, வழிகாட்டியோடு திறந்தது. நல்ல வேலை. ஆனால் அதெல்லாம் காட்டுப் பாதை. புதுக்கோட்டையின் மொட்டைக் குன்றுகள் அந்தப் பட்டியலில் இல்லை. காடு இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. டிக்கெட் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோடையில் காலை ஒன்பதுக்கு மேல் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் ஒரு பலகை, பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய். பலகையைத் தமிழில் பெரிதாக எழுதட்டும். செருப்பை எந்த இடத்தில் கழற்ற வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர்.